எல்லாரும் ஒரு பக்கம் போனால்

1. தள்ளி நின்றவர்

போட் வாங்க வருகிறவர்கள் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். பைபர் தடிப்பாக இருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார்கள். சிலர் ஏறிக் குதித்தும் பார்ப்பார்கள். ஜெசிந்தா அக்கா இரண்டையும் செய்யவில்லை. போட் கட்டும் யார்டின் வாசலில் கிடந்த பழைய டிராக்டர் டயருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணை மட்டும் உள்ளே வந்தார்.

முல்லைத்தீவுக் கரையில் உள்ள அந்த யார்டில்தான் நான் வேலை செய்கிறேன். தெற்கே போய்ப் போட் கட்டுமானத்தில் டிப்ளோமா முடித்துவிட்டு வந்து சேர்ந்தேன். என் வேலையை மூன்றாகச் சொல்லலாம். ரெசின் பசையும் பைபர் பாயும் சரியான அளவில் போகிறதா என்று பார்ப்பது, கட்டி முடித்த போட்டைத் தண்ணீரில் சோதிப்பது, எத்தனை பேர் ஏறலாம் என்று தகட்டில் எழுதிக் கையெழுத்து வைப்பது. மூன்றாவது வேலைதான் கனமானது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கு அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் முதலாளி ராசன் அண்ணை வாய் ஓயாத மனிதர்.

"என்ன மரியதாஸ், வள்ளம் பழுதாப் போச்சோ?"

"வள்ளம் நல்லா இருக்கு. இது மச்சானுக்கு. அன்ரன் கனடாவில இருந்து குடும்பமா வரப் போறானாம். எல்லாரும் ஏறிச் சுத்துற மாதிரி ஒரு போட் எடுத்து வைக்கட்டாம். ஆள் இல்லாத நேரம் நான் பாத்துக்கொள்ளோணும்."

"சுத்துற போட்டோ? இவ்வளவு நாளும் நாறல் மீனோட சுத்தினாய், இனிக் குசனில இருந்து சுத்தப் போறாய். யோகமடா உனக்கு!"

மரியதாஸ் அண்ணை சிரித்தார். வாசலில் நின்றவர் சிரிக்கவில்லை.

2. இரண்டு போட்

அந்த நேரம் உல்லாசப் பயணத்துக்கு ஏற்றதாக எங்களிடம் இரண்டு இருந்தன.

ஒன்று, நாங்களே கட்டியது. யார்டில் வேலை செய்கிற பெடியள் அதை உருளைப் போட் என்பார்கள். இரண்டு நீளமான பைபர் உருளைகள், அவற்றுக்கு மேலே தட்டையான டெக், சுற்றிவரக் கம்பி, ஒரு கூரை. வீட்டு விறாந்தையைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது போல இருக்கும். கதிரை போடலாம், பாய் விரிக்கலாம், பிள்ளைகள் ஓடலாம். ராசன் அண்ணை சொந்த யோசனையில் கட்டிய முதல் உருளைப் போட் அது. அதில் அவருக்குப் பெருமை அதிகம்.

மற்றது, மேற்குக் கரை ஹோட்டல் ஒன்றில் ஓடிய வெளிநாட்டு டெக் போட். ஒரே உடம்பு. அடிப்பக்கம் கூர்மையாக இறங்கி, பக்கங்கள் மேலே போகப் போக விரியும். முன்பக்க அணியம் அகலமாக இருந்ததால் அங்கேயும் ஆட்கள் இருக்கலாம். குசன் வெடித்திருந்தது. நிறமும் மங்கியிருந்தது. ராசன் அண்ணை இதை ஒரு மீன்பிடிப் போட்டுக்கு மாற்றாக எடுத்து, எடுத்த நாளிலிருந்து ஏசிக்கொண்டிருந்தார்.

யாராவது போட் கேட்டு வந்தால் நான் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்பேன். எத்தனை பேர், எந்தத் தண்ணீர், எந்த மாதம், ஓட்டுவது யார், நீந்தத் தெரியாதவர்கள் எத்தனை பேர். மரியதாஸ் அண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு பேர். நாயாற்றுக் களப்பு, கடலோரத்து உப்பு ஏரி. ஓட்டுவது அவர்தான்.

"எந்த மாசம் அண்ணை?"

"ஆகஸ்ட் லீவுக்கு ஓடுவம். பிறகு நவம்பரில."

"நவம்பரிலயோ? வாடைக் காத்து, மழை, களப்பு நிரம்பியிருக்கும். சுத்துறதுக்கு நவம்பர் சரிவராதே."

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

"போட்டை நிப்பாட்டி வைச்சு என்ன செய்வியள்? நீந்துறதோ, சாப்பிடுறதோ?"

"பூப் போடுவம், பிள்ளை."

சொன்னது ஜெசிந்தா அக்கா. வாசலில் இருந்தபடியே சொன்னார்.

"ஆத்துமாக்கள் நாளில எல்லாரும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவினம். எங்கட பிள்ளைக்குக் கல்லறை இல்லை. அவள் களப்புக்குள்ளதான் கிடக்கிறாள்."

ராசன் அண்ணை தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். அதன் பிறகு அன்று அவர் பகிடி விடவில்லை.

3. களப்பில் நடந்தது

இதை மரியதாஸ் அண்ணை பிறகு எனக்குச் சொன்னார். இரண்டு போட்டையும் நாயாற்றுக்குக் கொண்டுபோய் இறக்கிய நாள் அது. ஜெசிந்தா அக்கா தூரத்தில் பனையின் நிழலில் இருந்தார்.

சண்டை நெருங்கிய நேரம். சனம் களப்பைக் கடந்துகொண்டிருந்தது. அவர் தன்னுடைய வள்ளத்தில் ஆட்களை ஏற்றி இறக்கினார். எத்தனை தடவை என்று நினைவில்லையாம். ஒரு தடவை மனைவியையும் மகளையும் ஏற்றினார். பாதித் தூரத்தில் இடப்பக்கத் தண்ணீரில் ஷெல் ஒன்று விழுந்தது.

"ஒருத்தருக்கும் காயமில்லை, பிள்ளை. ஒரு துண்டு கூடப் படேல்லை. ஆனா சனம் எல்லாம் வலப்பக்கம் பாஞ்சது. நான் நடுவுக்கு வாங்கோ, நடுவுக்கு வாங்கோ எண்டு கத்தினனான். ஆர் கேட்டது? வள்ளம் கவிண்டது. இவவைத் தலைமயிரில பிடிச்சு இழுத்தனான். மற்றக் கை வெறுங்கையா வந்தது."

பிறகு அவர் என்ஜினைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்த நாளுக்குப் பிறகு ஜெசிந்தா அக்கா எந்தப் போட்டிலும் கால் வைத்ததில்லை. ஒரு தடவையாவது அந்த இடத்துக்குப் போய்ப் பூப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் தம்பி போட் எடுத்துத் தருகிறார். குடும்பச் சவாரி என்பதெல்லாம் வெளியே சொல்கிற கதை. அக்காவை அந்த இடத்துக்குக் கொண்டுபோகிற போட் எது என்பதுதான் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி.

பின்னேரம் அக்கா மெல்ல நடந்து தண்ணீர் ஓரத்துக்கு வந்தார். உருளைப் போட்டின் கம்பியில் கையை வைத்து அழுத்தினார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். அப்போதும் அசையவில்லை.

"இது ஆடேல்லை," என்றார்.

பிறகு மற்றப் போட்டின் விளிம்பில் கை வைத்தார். அது அவருடைய கைக்குக் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. சூடு பட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"அது வேண்டாம். இதெண்டா நான் ஏறுவன் போல கிடக்கு," என்று உருளைப் போட்டைக் காட்டினார்.

மரியதாஸ் அண்ணையின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ராசன் அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "முடிஞ்சுது அலுவல். நாளைக்குத் தகட்டை அடி, பிள்ளை. பன்னிரண்டு பேர்."

4. பெடியளின் கால்கள்

நான் தகடு அடிக்கவில்லை. என் கணக்கு வேறு மாதிரிச் சொன்னது.

உருளைப் போட் தொடக்கத்தில் அசையாது. இரண்டு உருளையும் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒரு பக்கம் பாரம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பாரப் பக்கத்து உருளை முழுதாகத் தண்ணீருக்குள் போய்விட்டால், அதற்குமேல் தூக்கிப் பிடிக்க அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. அதுவரை டெக்கில் நிற்கிறவர்களுக்கு ஆபத்துத் தெரியாது. தெரியும்போது நேரம் இருக்காது. டெக் போட் இதற்கு எதிர்மாறு. ஒரு ஆள் எழும்பி நடந்தாலே சாயும். ஆனால் சாயச் சாய விரிந்த பக்கம் தண்ணீருக்குள் இறங்கி, இன்னும் இன்னும் எதிர்த்துத் தள்ளும்.

பூப் போடுகிற நேரம் எல்லாரும் ஒரே பக்கம்தான் நிற்பார்கள்.

ராசன் அண்ணை இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. சிரித்தார்.

"பிள்ளை படிச்சு வந்து என்ர யார்டைப் பூட்டப் போறா. கட்டின உடனேயே சோதிச்சுப் பாத்தனாங்கள் எல்லோ? பெடியள் பன்னிரண்டு பேரையும் ஒரு பக்கம் நிக்க வைச்சனான். நீயும் பக்கத்தில நிண்டனீ. கவிண்டதோ?"

அது உண்மை. எங்கள் யார்டின் பழக்கம் அது. புதுப் போட் ஒவ்வொன்றையும் எங்கள் வேலையாட்களை ஏற்றித்தான் சோதிப்போம்.

"ஒருக்கா இன்னும் செய்து காட்டுங்கோ அண்ணை," என்றேன்.

பெடியள் ஏறினார்கள். வலப்பக்கக் கம்பியோடு வரிசையாக நின்றார்கள். டெக் கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றது. "பாத்தியோ?" என்றார் ராசன் அண்ணை. நான் அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெக் இறங்கத் தொடங்கியதும் ஒவ்வொருவருடைய கால்களும் ஒரு சாண் பின்னுக்குப் போயின. உடம்பு உள்பக்கம் சரிந்தது. கைகள் மட்டும் கம்பியில் இருந்தன. முகத்தைப் பார்த்தால் அசையாமல் நிற்பது போலத்தான் இருந்தது.

"சுதன், நீங்கள் பின்னுக்கு வந்தனீங்களோ?"

சுதன் எங்கள் மூத்த வேலையாள். "நானோ? இல்லை மிஸ். வைச்ச இடத்தில நிக்கிறன்," என்றான். பொய் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது. அங்கே நின்ற எல்லாரும் கரையில் பிறந்தவர்கள். நடக்கப் பழகிய காலத்திலேயே வள்ளத்தில் நிற்கவும் பழகியவர்கள். போட் ஒரு பக்கம் இறங்கினால் அவர்களுடைய கால் தானாகவே மறுபக்கம் தேடும். அவர்களை ஏற்றிச் சோதித்தால் எந்தப் போட்டும் தேறும். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கால் இல்லை. பயந்த சனத்துக்கும் இல்லை.

"மண் மூட்டை வைச்சுப் பாப்பம்," என்றேன். "மூட்டைக்குப் பயமும் இல்லை, பழக்கமும் இல்லை."

"மூட்டை கட்டுறதுக்கு எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை மிஸ்," என்றான் சுதன். "பங்கருக்குக் கட்டிக் கட்டியே வளந்த கையள்."

5. மூட்டைகள்

உரப் பைகளில் மண்ணை நிரப்பினோம். ஒரு ஆளின் பாரத்துக்குச் சேர்த்துச் சேர்த்துக் கட்டினோம். போட் கவிழ்ந்தாலும் மீட்கக்கூடியதாக இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினோம். ஜெசிந்தா அக்காவை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"இல்லை. நான் பாக்கோணும்," என்றார்.

முதலில் டெக் போட். மூட்டைகளை ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்த்தினோம். முதல் மூட்டைக்கே சாய்ந்தது. நாலாவது மூட்டைக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. "ஐயோ, வேண்டாம் வேண்டாம்," என்றார் அக்கா. பன்னிரண்டு ஆள் பாரமும் போன பிறகும் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. எனக்கு அது போதாது. பத்துப் பேர் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு உருளைப் போட். மூன்று, நான்கு, ஐந்து. அசைவே இல்லை. ராசன் அண்ணை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எட்டாவதுக்கு உருளையின் மேல்பக்கம் தண்ணீரில் மறைந்தது. டெக்கில் நின்ற எனக்கு அப்போதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்பதாவதைச் சுதன் தள்ளி வைத்துவிட்டுக் கையை எடுத்தான்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. டெக்கின் ஓரம் தண்ணீருக்குள் போனது. தண்ணீர் டெக்கின் மேல் ஏறி வந்தது. கம்பிக்குக் கீழே இருந்த இடைவெளியால் மூட்டைகள் வழுக்கி ஒன்றன்பின் ஒன்றாகக் களப்புக்குள் விழுந்தன. தொப், தொப், தொப். நானும் சுதனும் மறுபக்கம் பாய்ந்து தண்ணீருக்குள் குதித்தோம். பாரம் போனதும் போட் நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காதது போல அசையாமல் நின்றது.

கரையைப் பார்த்தேன். ஜெசிந்தா அக்கா மணலில் குந்திவிட்டார். மரியதாஸ் அண்ணை அவரிடம் போகவில்லை. மூட்டைகள் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் கதைத்தவர் ராசன் அண்ணைதான்.

"நான் இதைப் போன மாசம் ஹோட்டல்காரனுக்குக் குடுக்க இருந்தனான்," என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "மூண்டாவது உருளை ஒண்டு நடுவில போட்டா நிக்குமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"கணக்குப் பாத்துச் சொல்லுறன் அண்ணை. அதுவரைக்கும் இதை ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம்."

"சரி."

ஈர உடுப்போடு அக்காவிடம் போனேன். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஆடுறதுதான் கவிழாது எண்டுறாய்."

"இந்த ரெண்டிலயும் ஓம், அக்கா."

"அப்ப அதை எடுங்கோ." எழும்பி மணலைத் தட்டினார். "ஆனா நான் அதில ஏற மாட்டன், பிள்ளை. என்னால ஏலாது. அது சாஞ்ச உடன எனக்கு மற்றது ஞாபகம் வருது."

ஏறத் துணிந்த ஒரே போட்டை நான் அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். கணக்கு சரி. என்றாலும் அன்று வீட்டுக்குப் போகிற வழியில் கணக்கு சரியாக வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருக்கவில்லை.

அன்ரன் அண்ணா கனடாவில் இருந்து வீடியோ கோல் எடுத்தார்.

"தங்கச்சி, அது ஆடுமாமே. ஆடுற போட்டை ஏன் எங்களுக்குத் தாறியள்?"

"ஆடுறதாலதான் அண்ணா. பயம் முன்னுக்கு வரும். மற்றதில கடைசியா வரும்."

"அக்கா ஏறாட்டி எனக்கு எதுக்கு இந்தப் போட்?"

ஏறுகிற மற்றவர்களைப் பற்றி மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

6. நவம்பர்

அந்த நவம்பரில் பூப் போடுகிற முதல் ஓட்டத்துக்குத் தொழில்நுட்ப அலுவலராக நானும் போனேன். தகட்டில் பத்துப் பேர் என்று அடித்திருந்தேன். எல்லாருக்கும் லைஃப் ஜக்கெற் போட்டுக் கொக்கியை நானே இழுத்துப் பார்த்தேன். அன்ரன் அண்ணாவின் குடும்பம், பங்குச் சுவாமி, உறவினர் சிலர். காற்று இருந்தது, பெரிதாக இல்லை. ஜெசிந்தா அக்கா கரை வரைக்கும் வந்தார். நந்தியாவட்டைப் பூக்களை ஒரு சுளகில் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தார்.

"வாங்கோ அக்கா, நான் பிடிக்கிறன்," என்றார் அன்ரன் அண்ணா.

"நீ பூவைப் போட்டிட்டு வா."

மரியதாஸ் அண்ணை ஓட்டினார். எந்த இடம் என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஓரிடத்தில் என்ஜினை நிறுத்தினார். சுவாமி ஜெபம் தொடங்கினார். நான் எதிர்பார்த்தது போலவே எல்லாரும் எழும்பி வலப்பக்கம் போனார்கள்.

போட் சாய்ந்தது. அன்ரன் அண்ணாவின் சின்ன மகள் "அப்பா, கவிழுது!" என்று கத்தினாள். மரியதாஸ் அண்ணை கத்துவதற்கு வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. அதற்குள் ஆட்களே பயந்து, மூன்று நான்கு பேர் தாமாகவே இடப்பக்கம் வந்து குந்திவிட்டார்கள். போட் நிமிர்ந்தது. இருவர் இருவராகப் போய்ப் பூப் போட்டார்கள்.

இதைப் பெரிய வெற்றி என்று நான் எழுத மாட்டேன். அன்று ஷெல் விழவில்லை. சனம் பாயவும் இல்லை. அப்படி நடந்தால் எந்தப் போட்டுக்கும் என்னால் கையெழுத்து வைக்க முடியாது. ஆனால் இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாரும் சொன்ன இடத்தில் இருக்கிற நேரத்துக்கு அநேகமான போட்டுகள் போதும். ஒருவரும் சொல்லுக் கேட்காத நேரத்துக்குத்தான் நாம் போட்டைத் தெரிவு செய்ய வேண்டும். சோதனைக்கும் அப்படிப்பட்ட பாரத்தைத்தான் ஏற்ற வேண்டும், பழகிய கால்களை அல்ல. இப்போது எங்கள் யார்டில் மண் மூட்டை இல்லாமல் எந்தப் போட்டும் வெளியே போவதில்லை. உருளைப் போட் மூன்றாவது உருளைக்காக இன்னும் கொட்டிலில் காத்திருக்கிறது.

கரைக்கு வந்தோம். ஜெசிந்தா அக்கா முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கி நின்றார். இறங்குகிற ஒவ்வொருவருடைய தோளையும் தொட்டுத் தொட்டு விட்டார். சுவாமியின் தோளையும் தொட்டார். கடைசியில் நான் இறங்கினேன்.

"சாஞ்சதோ?"

"ஓம் அக்கா. சாஞ்சது."

"பிறகு?"

"நிமிந்தது."

தலையை ஆட்டினார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். மரியதாஸ் அண்ணை இன்னும் இறங்கவில்லை. நின்ற என்ஜினோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, களப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அவரையும் இறங்கச் சொல்லு, பிள்ளை," என்றார். "எல்லாரும் வந்திட்டினம். அவர்தான் இன்னும் வரேல்லை."

நான் திரும்பிப் போய், போட்டின் விளிம்பில் கை வைத்தேன். அது கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, அக்கா கூப்பிடுறா."